"கடைசி யூதர்" போய்விட்டார், இனி மட்டாஞ்சேரியில் என்ன இருக்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 3.12.2024

டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொச்சி போகிறோம். மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அங்கிருந்த கடைசி யூதப் பெண்மணியும் ஆகஸ்டில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அந்தச் சமூகத்தின் கதை முடிந்தது. ஆளில்லாத கட்டிடத்தின் தரையைப் பார்க்கப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவானேன்?

3.12.2024, இரவு

முடிந்தது என்று யார் சொன்னது? நீங்கள் படித்தது 89 வயதில் காலமான குவீனி ஹலேகுவாவைப் பற்றிய செய்தி. 2019இல் சாரா கோஹன் 96 வயதில் மறைந்தபோதும் இதே ஒப்பாரிதான் அச்சானது. பத்திரிகைக்காரர்களுக்குக் 'கடைசி' என்ற அடைமொழி கிடைத்துவிட்டால் எளிதில் விடமாட்டார்கள்.

அவர்கள் இருவரும் பரதேசி யூதர்கள். ஸ்பெயின், போர்ச்சுக்கல், பாக்தாத் என்று பல இடங்களிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்களின் வழியினர். 1950 வாக்கில் கேரளத்தில் இருந்த ஏறத்தாழ 2,400 யூதர்களில் பரதேசிகள் நூறு பேர் அளவுதான். மற்றவர்கள் அவர்களுக்கு மிக முன்பே வந்த மலபாரி யூதர்கள். மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று என ஜெப ஆலயங்கள் எட்டு இருந்தன. அவற்றில் பரதேசிகளுடையது ஒன்று. நாம் அந்த ஒன்றை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, தெருவில் கிராம்பும் ஏலக்காயும் வாங்கிக்கொண்டு, ஒரு சமூகத்துக்கே இரங்கற்பா பாடிவிட்டு ஊர் திரும்புகிறோம்.

மலபாரிகளில் பெரும்பாலோர் 1953 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் இஸ்ரேலுக்குக் குடிபோனார்கள். பிள்ளை பெற்றார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். இன்று அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கதை முடிந்தது என்றால் முதலில் அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

4.12.2024

துன்புறுத்தலால் ஓடிப்போனார்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கொச்சி யூதர்களைத் துன்புறுத்தியவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தை 1662இல் அவர்கள் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததால் ஆலயம் பிழைத்தது. அக்கம்பக்கத்து மலையாளிகளால் அவர்களுக்குத் தொல்லை வந்ததாக அவர்களே சொல்வதில்லை. ஜெப ஆலயத்தின் சுவருக்கு அப்பால் கொச்சி அரசரின் அரண்மனைக் கோயில். அந்த நிலத்தைக் கொடுத்தவரும் அரசர்தான்.

போனதற்குக் காரணம் எருசலேம் மீதிருந்த பக்தி. நாள்தோறும் மூன்று வேளை அந்தத் திசை நோக்கிச் சொல்லும் ஜெபம் நடக்கக்கூடிய காரியமாக மாறியபோது கிளம்பிவிட்டார்கள். பிழைப்பும் ஒரு காரணம். இங்கே பலர் சந்தையில் கோழி, முட்டை, மீன், மரம் விற்ற எளிய மனிதர்கள்.

இதில் ஒரு கோணலான செய்தி உண்டு. கப்பல் ஏறத் தயாராக இருந்தவர்களைச் சில ஆண்டுகள் காக்கவைத்தது இஸ்ரேலின் சுகாதாரத் துறை. கொச்சியில் யானைக்கால் நோய் இருப்பதால் இவர்களோடு அதுவும் வந்துவிடுமோ என்ற பயம். வீட்டையும் தோணியையும் விற்றுவிட்டு, இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்துக் கிடந்த குடும்பங்கள் இருந்திருக்கின்றன.

4.12.2024, சற்று நேரம் கழித்து

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டவருக்கு. நான் யூதர் அல்லர். கோயம்புத்தூர்க்காரி. கல்லூரிப் படிப்பு எறணாகுளத்தில். விடுதி அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தோம். அதற்கு மீன் வாங்கச் சந்தைப் பக்கம் ஒரு கடைக்குப் போவோம். வாசலில் செடித் தொட்டிகள், உள்ளே வரிசையாக மீன் தொட்டிகள். பல மாதங்கள் அங்கே போய்வந்த பிறகு, கடைக்காரர் ஒருநாள் பின்பக்கக் கதவைத் திறந்து காட்டினார். கடைக்குப் பின்னால் ஒரு முழு ஜெப ஆலயம் இருந்தது. கடவும்பாகம் ஜெப ஆலயம் அதுதான். 1972இல் வழிபாடு நின்றுபோன பிறகு, கட்டிடத்தைக் காப்பாற்ற ஒரு வழியாக அவர் முன்பகுதியில் கடை போட்டிருந்தார். அன்று மீன் வாங்க மறந்துவிட்டேன்.

அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: சாவி இருக்கிறது, தோரா என்ற வேதச் சுருள் இருக்கிறது, பத்துப் பேர்தான் இல்லை.

6.12.2024

பத்துப் பேர் கணக்கைப் பலரும் கேட்பதால் விரிவாகவே சொல்கிறேன். பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் யூத முறைப்படி அது சபை. மின்யான் என்பார்கள். அந்த எண்ணிக்கை இல்லாமல் தனியாக ஜெபிக்கலாம். ஆனால் சுருளைத் திறந்து சபையில் வாசிக்க முடியாது, இறந்தவருக்காகச் சொல்லும் காதீஷ் ஜெபத்தைச் சொல்ல முடியாது. குரு வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கேரள யூதர்களிடையே பட்டம் பெற்ற ரபி என்று யாரும் இருந்ததில்லை. படிக்கத் தெரிந்த பெரியவர் நடத்துவார், கோழி அறுக்கத் தகுதி பெற்றவர் ஒருவர் இருப்பார், சபை நடக்கும். ரபி இல்லாமல் பல நூற்றாண்டுகள் ஓட்டியவர்களால் பத்துப் பேர் இல்லாமல் ஒரு சனிக்கிழமையைக்கூட ஓட்ட முடியவில்லை.

மட்டாஞ்சேரியில் 1980களுக்குப் பிறகு இதுதான் நிலைமை. சுற்றுலா வந்த யூதர் யாராவது இருக்கிறாரா என்று ஓட்டல்களில் விசாரிப்பார்கள். சிகாகோவிலிருந்து தாஜ்மஹால் பார்க்க வந்து, அப்படியே தெற்கே இறங்கியவர் திடீரென்று ஒரு சபையின் பத்தாவது ஆளாகிவிடுவார்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கடைசிக் காலத்தில் அந்தத் தெருவில் ஜெப ஆலயத்தின் கணக்கு வழக்கைப் பார்த்ததும், விளக்குக்கு எண்ணெய் பார்த்ததும், வருகிறவர்களுக்கு விளக்கம் சொன்னதும் பெண்கள். எண்ணும்போது மட்டும் அவர்கள் எண்ணில் வரமாட்டார்கள். மரபு அப்படி. சில நாடுகளில் சீர்திருத்தச் சபைகள் பெண்களையும் சேர்த்து எண்ணுகின்றன. கொச்சி அந்தப் பக்கம் போகவில்லை.

7.12.2024

கொச்சி யூதப் பெண்கள் ஆண்கள் முன்னிலையிலும் பாடினார்களாமே என்று ஒரு தோழி கேட்டிருக்கிறார். உண்மைதான். ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடக்கூடாது என்று பல யூதச் சமூகங்களில் கட்டுப்பாடு உண்டு, கேரளத்தில் பாடினார்கள். மலையாளத்தில் திருமணப் பாட்டு, விவிலியக் கதைப் பாட்டு, ஜெப ஆலயத்தைப் புகழும் பாட்டு எல்லாம் கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தன. மணப்பெண்ணுக்குத் தாலி கட்டும் வழக்கமும் இருந்தது.

சமையலைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரே வரி: இறைச்சியோடு பாலோ நெய்யோ சேரக்கூடாது என்ற விதியால் உலகமெங்கும் யூதச் சமையற்காரர்கள் திண்டாடுகிறார்கள், கொச்சிக்காரர்கள் தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

10.12.2024

"ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்கிறீர்களே, போய்ப் பார்த்தீர்களா?" என்று ஒரு குத்தல். பார்த்தேன்.

என் தம்பி பேர்ஷேபாவில் ஆய்வுப் பணியில் இருந்தபோது, 2018இல் குடும்பத்தோடு போனோம். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே நெவாத்திம் என்ற கூட்டுறவுக் கிராமம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரிலிருந்து வந்தவர்களை 200 மில்லிமீட்டர் பெய்தாலே பெரிது என்ற பாலைவன விளிம்பில் குடியேற்றியிருக்கிறார்கள். மீன் விற்றவர்கள் விவசாயம் செய்ய வேண்டியிருந்தது. செய்தும் காட்டினார்கள். சேந்தமங்கலத்தில் பிறந்த எலியாஹு பெசலேல் இஸ்ரேலில் கண்ணாடிக் கூடங்களில் ரோஜா வளர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தவர். இந்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது.

கொச்சி பாணியில் ஒரு ஜெப ஆலயமும், பக்கத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. புட்டுக்குழல், கிண்டி, ஓலைப்பாய், நான் பார்த்தே பல காலமான ஒரு வகை மரச் செருப்பு. என் மகள் அப்போது சிறுமி. "இதெல்லாம் பாட்டி வீட்டிலேயே இருக்கிறதே, இதற்கு எதற்கு விமானத்தில் வந்தோம்?" என்றாள்.

அங்கிருந்த ஒரு மூதாட்டியோடு மலையாளத்தில் பேச்சுக் கொடுத்தேன். சிறுமியாகப் பறவூரிலிருந்து போனவர். அவருடைய மலையாளத்தில் 1954க்குப் பிறகு வந்த சொல் ஒன்றுகூட இல்லை. பறவூர்ச் சந்தைக்கு இன்னும் வள்ளங்கள் வருகின்றனவா என்று கேட்டார். இப்போது எல்லாம் பஸ்சும் லாரியும்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியானால் தேங்காயை எங்கே இறக்குவார்கள்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பேச்சு முழுவதும் அவர் ஏக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வந்த புதிதில் கூடாரத்தில் கிடந்ததையும், அரிசிக்கு அலைந்ததையும் திட்டித் தீர்த்தார். பேரன்களைப் பற்றிப் பெருமை அடித்தார். மலையாளம் தெரியாத மருமகளைப் பற்றிக் குறை சொன்னார். சாதாரணமாக இருந்தது. கொச்சியில் கிடைக்கும் 'மறைந்துவரும் சமூகம்' என்ற விளம்பரப் பலகைக்கும் அந்த அம்மாவுக்கும் சம்பந்தமே இல்லை.

11.12.2024

அந்தக் கிராமம் மட்டும் அல்ல. தாவோஸ், மெசிலாத் சியோன், அவியேசர் என்று வேறு கிராமங்களும் உண்டு. எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புற மரவேலை பிரித்துக் கொண்டுபோகப்பட்டு மறுபடி பொருத்தப்பட்டிருக்கிறது. (எறணாகுளத்து மீன் கடை கடவும்பாகம் வேறு, இது வேறு. பெயர் ஒன்று.) செதுக்கிய மரக் கூரை அங்கே குளிர்சாதன அறையில் இருக்கிறது; கூரையைத் தாங்கிய கட்டிடம் மட்டாஞ்சேரியில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2019 மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

கொண்டுபோனது சரியா என்று இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். கொண்டுபோகாமல் இருந்திருந்தால் மழையில் போயிருக்கும் என்பது என் பதில். நேற்று இரவு இதைத் தட்டச்சு செய்தபோது இருந்த உறுதி இன்று காலை இல்லை. அருங்காட்சியகத்தில் மரம் பிழைத்தது. ஆனால் அந்தத் தெருவில் இருந்திருந்தால் இடிவதற்கு முன் யாராவது விழித்துக்கொண்டிருப்பார்களோ?

15.12.2024

நாங்களும் போகிறோம். காரணம் என் அத்தை, அதாவது மாமியார். என் மறைந்த மாமனாரின் தபால்தலை ஆல்பத்தில் 1968இல் வெளியான கொச்சி ஜெப ஆலயத் தபால்தலை இருக்கிறது. நானூறாம் ஆண்டு விழாவுக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தியே வந்திருந்தார். "இந்த இடத்தை ஒருநாள் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே போய்விட்டார், நீங்களாவது காட்டுங்கள்" என்கிறார்.

திட்டம்: சனிக்கிழமை பறவூரும் சேந்தமங்கலமும், ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி. மாற்றிப் போட்டால் காரியம் கெட்டது. மட்டாஞ்சேரியில் வெள்ளி, சனியை நம்பி யாரும் போகாதீர்கள். யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். பறவூரும் சேந்தமங்கலமும் இப்போது அரசு அருங்காட்சியகங்கள். அவற்றுக்குத் திங்கள் விடுமுறை.

16.12.2024

என் கணவர் வரைபடத்தில் சேந்தமங்கலம் என்று அடித்துவிட்டு, "என்ன இது, கிழக்கே நாமக்கல் வழியாகப் போகச் சொல்கிறது" என்று அரை மணி நேரம் குழம்பினார். அது நாமக்கல் சேந்தமங்கலம். அங்கே ஆஞ்சநேயரைச் சேவிக்கலாம், யூதர்கள் கிடையாது.

30.12.2024

போய்விட்டு வந்தோம். பறவூரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

தெருவில் பார்த்தால் ஒரு வாயில் வீடு மட்டும் தெரியும். அதைக் கடந்து, இரு பக்கமும் தூண்கள் நிற்கும் நீண்ட நடைவழியில் போக வேண்டும்; அதன் முடிவில் ஜெப ஆலயம். தெருவின் சத்தம் அந்த நடைவழியிலேயே அடங்கிவிடும்படி கட்டியிருக்கிறார்கள். கேரளக் கோயிலுக்குள் போகும் அதே ஒழுங்கு. கட்டிடம் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்தது. முசிரிஸ் மரபுத் திட்டத்தில் புதுப்பித்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும், தோராச் சுருள் வைக்கும் பேழை பிரதி.

எட்டு ஆலயங்களுக்கும் பொதுவான ஒரு அமைப்பைப் பற்றி அங்கே வழிகாட்டி விளக்கினார். தோரா வாசிக்கும் மேடை பல நாடுகளில் கூடத்தின் நடுவில் ஒன்று இருக்கும். கேரளத்தில் மாடியில் இரண்டாவதாக ஒன்று உண்டு, பெண்கள் உட்காரும் பகுதிக்கு நேர் முன்னால். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் சுருளை மாடிக்குக் கொண்டுபோய் வாசிப்பார்கள். அத்தை மரப்படியில் மெதுவாக ஏறிப்போய், மரச் சட்டத் தடுப்புக்குப் பின்னால் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கினார். "வாசிப்பதை நம் பக்கத்திலேயே வந்து வாசிக்கிறார்கள், எண்ணும்போது மட்டும் நம்மை விட்டுவிடுகிறார்கள்" என்றார். நான் 6ஆம் தேதி அவ்வளவு நீளமாகப் புலம்பியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

30.12.2024, தொடர்ச்சி

சேந்தமங்கலம். கொச்சி அரசர்களின் பிரதமர்களாக இருந்த பாலியத்து அச்சன்மார்களின் ஊர். கோயில், மசூதி, மாதா கோயில், ஜெப ஆலயம் நான்கும் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. ஜெப ஆலயத்தின் முன்னால் ஒரு கல் நிறுத்தியிருக்கிறார்கள். எபிரேயத்தில் எழுதிய கல்லறைக் கல், சாரா, இஸ்ரவேலின் மகள், ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் இதுவே மிகப் பழையது. மார்கோ போலோ வெனிஸை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே இந்தப் பெண்மணி இங்கே வாழ்ந்து இறந்துவிட்டார் என்று மகனிடம் சொன்னேன். "அவங்க யாரு?" என்று கேட்டான். தெரிந்தது அவ்வளவுதான்: பெயர், அப்பா பெயர், ஆண்டு. ஒரு வணிகரையோ அரசரையோ அல்லாமல் ஒரு பெண்ணை வைத்து இந்த எபிரேயக் கல்வெட்டு வரிசை தொடங்குவது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்தில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சேறு படிந்து வீணான சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டிச் செய்த சேக்குட்டி பொம்மைகளை அப்போது உலகமெங்கும் வாங்கினார்கள். மகள் ஒன்று வாங்கினாள். இதற்கும் யூதர்களுக்கும் தொடர்பில்லை, அழகாக இருப்பதால் எழுதினேன்.

31.12.2024

மட்டாஞ்சேரி. ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் கூட்டம், நகர இடமில்லை. மணிக்கூண்டைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டோம்: 1760இல் எசக்கியேல் ரஹாபி கட்டியது, எபிரேய எண், ரோமன் எண், மலையாள எண் என்று முகத்துக்கு ஒன்று. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையில் சீனாவின் கான்டனிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் தீட்டியவை. ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது என்று சொன்னதும் என் மகன் முழந்தாளிட்டு ஒரே மாதிரி இரண்டைத் தேடத் தொடங்கிவிட்டான். கிடைத்தது என்கிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பக்கத்தில் ஒரு குழுவின் வழிகாட்டி வழக்கமான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடுகள் அரசருக்காக வந்தனவாம்; தயாரிப்பில் மாட்டு இரத்தம் சேர்த்திருக்கிறார்கள் என்று யூதர்கள் காதில் போட்டதும் அரசர் வேண்டாம் என்றாராம். கொச்சி அரசர் அவ்வளவு ஏமாளியாக இருந்திருந்தால் டச்சுக்காரர்களோடு எப்படிக் காலம் தள்ளினார்?

கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகளைக் கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பல விளக்குகள் எரிந்தது தேங்காய் எண்ணெயில். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து தபால்தலையையும் எதிரே இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "படத்தில் கூட்டம் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது வெளியே. தெருவில் ஒரு குடும்பம் ஒரு வீட்டின் சன்னல் கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, "இதில் யூதர் இருக்கிறாரா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் சலிப்போடு கை காட்டினார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரை அருங்காட்சியகப் பொருளாக்கிப் பார்க்கும் இந்த ஆர்வம் எங்கிருந்து வருகிறது? இங்கே கேள்வி கேட்டவர் போகாமல் இருந்ததே ஒருவகையில் மரியாதை என்று அந்த நேரத்தில் தோன்றியது.

2.1.2025

4ஆம் தேதி எழுதியதில் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. 'அக்கம்பக்கத்தாரால் தொல்லை இல்லை' என்று சொல்லி நாம் நம் தோளையே தட்டிக்கொள்கிறோம். ஆலயத்துக்கு உள்ளே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பரதேசிகள் மலபாரிகளோடு திருமண உறவு வைத்துக்கொள்ளவில்லை. அதற்கும் கீழே, பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழியினர் ஒரு பிரிவு. மெசுக்ராரிம் என்று பெயர். அதே ஆலயம், அதே ஜெபம். ஆனால் பெஞ்சில் உட்காரக்கூடாது, தோரா வாசிக்க அழைப்பு கிடையாது, அடக்கம் தனி இடத்தில். நமக்குப் பழக்கமில்லாத ஏற்பாடா இது? 16ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பிரச்சினை எகிப்தில் இருந்த ரபி தாவீது இப்னு சிம்ராவிடம் கேள்வியாகப் போனது. முறைப்படி நீரில் மூழ்கி எழுந்தால் எல்லோரும் சமம் என்று பதில் வந்தது. பதிலை மரியாதையாகப் பெற்றுக்கொண்டு, பழையபடியே நடந்தார்கள்.

அதை உடைக்கப் போராடியவர் ஏ. பி. சேலம் (1882–1967). அந்தப் பிரிவில் பிறந்து, வழக்கறிஞராகி, கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். காந்தியின் வழியை எடுத்து ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். தன் பிள்ளைகளோடு போய், அனுமதிக்கப்படாத இடத்தில் உட்கார்ந்தார். யூதக் காந்தி என்று பெயர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் விழுந்தன. ஆனால் விழுந்து முடிந்த நேரத்தில் ஊரே காலியாகத் தொடங்கியிருந்தது. சமமாக உட்கார இடம் கிடைத்தபோது பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

ஓடுகளைக் காட்டிய வழிகாட்டிகளில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அங்கே காட்ட வேண்டியது எது என்று கேட்டால், ஓடுகளைவிட அந்தப் பெஞ்சுகள்தான் என்பேன். ஆலயத்தில் இருந்தபோதே மகளுக்குச் சொன்னேன். பதில் பேசாமல் எழுந்து, பெஞ்ச் மறுக்கப்பட்டவர்கள் இருந்த கதவோர இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

5.1.2025

கொச்சி யூதர்களின் செப்பேட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கி.பி. 1000 வாக்கில் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்) இருந்து யூதத் தலைவர் யோசேப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையைக் கொடுத்த பட்டயம். வட்டெழுத்தில் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் பாதி அந்நியமாகவே இருக்காது: பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம், உல்கு, துலாக்கூலி. மொத்தம் 72 உரிமைகள். சுங்கமும் எடைக்கூலியும் கட்ட வேண்டாம், பல்லக்கில் போகலாம், குடை பிடிக்கலாம். அதன் பிரதியைத்தான் 2017இல் நம் பிரதமர் இஸ்ரேலியப் பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்தார்.

குடை பிடிக்க அரசரிடம் பட்டயம் வாங்க வேண்டியிருந்த நாட்டில்தான் நான் கல்லூரிக் காலத்தில் மூன்று குடைகளைப் பஸ்சில் தொலைத்தேன்.

6.1.2025

"தமிழ்நாட்டில் யூதர்களே இல்லையே" என்பவருக்கு: 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது நியமிக்கப்பட்ட பன்னிரண்டு ஆல்டர்மன்களில் (நகர மன்ற மூத்த உறுப்பினர்கள்) மூன்று பேர் யூத வணிகர்கள். போர்த்துக்கீசிய வம்சாவளியினர், லண்டனிலிருந்து பவளம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப் போனவர்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. அவர்களின் கல்லறைக் கற்கள் சில லாயிட்ஸ் சாலைப் பக்கம் ஒரு சிறு மயானத்தில் கிடக்கின்றன. கொச்சியோடு இவர்களை ஒப்பிட முடியாது. வியாபாரத்துக்கு வந்தார்கள், வைரச் சந்தை படுத்ததும் போய்விட்டார்கள். வேர் விடவில்லை.

9.1.2025

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "எல்லாம் சரி, இஸ்ரேலில் இருப்பவர்கள் இஸ்ரேலியர்கள். கொச்சியில் முடிந்ததுதானே?"

கொச்சியில் தினசரி சபை நடக்கவில்லை, அது உண்மை. பண்டிகைக்கு வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தால் நடக்கிறது. நெவாத்திமில் பிறந்த பேரப்பிள்ளைகள் தாத்தாவின் ஊரைத் தேடிப் பறவூருக்கும் மாளாவுக்கும் வருகிறார்கள். பறவூரில் நாங்கள் இருந்தபோதே அப்படி ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மூன்று பையன்கள். பையன்களுக்கு எபிரேயமும் ஆங்கிலமும்தான். அப்பா சுவரில் தொங்கிய ஒரு பழைய புகைப்படத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். என் அத்தை அவர்களுக்குக் கோயம்புத்தூர் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். எதில் பொரித்தது என்று அந்த அம்மா கேட்டார், கடலை எண்ணெய் என்றோம். கணவன் மனைவி தங்களுக்குள் ஏதோ ஆலோசித்துவிட்டு, கடைசியில் நன்றி சொல்லி மறுத்துவிட்டார்கள். சின்னவன் முறுக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குடும்பத்திடம் போய் "நீங்கள் முடிந்துவிட்டீர்கள்" என்று நீங்கள் சொல்லுங்கள், எனக்கு வாய் வராது.

12.1.2025

அடுத்து மாளா. 1955இல் ஊரை விட்டுப் போகும்போது ஜெப ஆலயத்தையும் மயானத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அத்தைக்கு அதைப் பார்க்க வேண்டுமாம். ஏப்ரலில் போகலாம் என்று பேச்சு.

சித்திரைப் பிறப்பு விடுமுறையை ஒட்டிக் கொச்சிக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க: 2025இல் யூதர்களின் பஸ்கா பண்டிகை ஏப்ரல் 12 மாலை முதல் 20 வரை. பஸ்கா வாரத்தில் மட்டாஞ்சேரியில் கதவு திறந்திருக்கும் என்று எண்ணி டிக்கெட் எடுக்காதீர்கள். பறவூர், சேந்தமங்கலம் இரண்டுக்கும் தடையில்லை, திங்கட்கிழமையைத் தவிர.